ஷ்ரிங்க் ஷீட்டில் கீ செயினும் தோடும்: அளவெடுப்பதில் ஆரம்பிக்கும் முழு வழிகாட்டி

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போனவர்களுக்கு 'ஷ்ரிங்கேஜ்' என்ற சொல் தூக்கத்திலும் வரும். துணி வந்து இறங்கியதும் 50 சென்டிமீட்டருக்கு 50 சென்டிமீட்டர் கட்டம் போட்டு, துவைத்து, காயவைத்து, மறுபடி அளந்து பார்ப்போம். நீளத்தில் எவ்வளவு சுருங்கியது, அகலத்தில் எவ்வளவு சுருங்கியது என்று எழுதி வைப்போம். 5 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் அன்றைக்கு யாருக்கும் சாப்பாடு இறங்காது. பதினொரு வருடம் அந்த வேலையைப் பார்த்த நான், சுருங்குவதற்கென்றே இருக்கும் ஒரு பொருளைக் காசு கொடுத்து வாங்கி வந்தபோது வீட்டில் சிரித்தார்கள்.

ஷ்ரிங்க் ஷீட் என்பது மெல்லிய பிளாஸ்டிக் தாள். அதில் படம் வரைந்து, வண்ணம் போட்டு, வெட்டி, சூடான அவனில் (மின்சார அடுப்பில்) வைத்தால் ஓரிரு நிமிடத்தில் பாதிக்கும் கீழே சுருங்கி, சட்டைப் பொத்தான் மாதிரி கெட்டியாகிவிடும். கீ செயின், தோடு, பதக்கம், பள்ளிக்கூடப் பைக்குப் பெயர்ப் பட்டை என்று என்ன வேண்டுமானாலும் செய்யலாம். செய்துகாட்டும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் நான் பார்த்தவை எல்லாம் வரைவதில் ஆரம்பிக்கின்றன. நான் சொல்வது வேறு: முதலில் அளவெடுங்கள். தாளை அளந்து பார்க்காமல் வரைந்தால் அழகான படம் வரலாம், நீங்கள் நினைத்த படம் வராது.

தாள் ஏன் சுருங்குகிறது?

இந்தத் தாள் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக். தயாரிக்கும்போதே சூடாக்கி, இரண்டு பக்கமும் இழுத்து, இழுத்த நிலையிலேயே குளிரவைத்துவிடுவார்கள். உள்ளே இருக்கும் நீளமான மூலக்கூறுகள் விறைப்பாக நீண்டு அப்படியே உறைந்து கிடக்கும். சுமார் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் பிடி தளர்ந்து, பழையபடி சுருண்டுகொள்ளும். ஸ்டெண்டர் என்ற மெஷினில் இழுத்துப் பிடித்துக் காயவைத்த பனியன் துணி முதல் சலவையில் தன் பழைய உருவத்துக்கு ஓடுகிறதே, கிட்டத்தட்ட அதே கதைதான். பொருள் எங்கும் போவதில்லை. நீள அகலத்தில் குறைந்தது தடிமனில் வந்து சேர்கிறது. துணி சுருங்கினால் ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

1973இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், புரூக்ஃபீல்டு என்ற ஊரில் பெட்டி மோரிஸ், கேட் புளூம்பெர்க் என்ற இரண்டு பெண்கள், சாரணர் சிறுவர்களுக்கான கைவேலையாக இதை எடுத்து, பிறகு ஷ்ரிங்கி டிங்க்ஸ் என்ற பெயரில் விற்க ஆரம்பித்தார்கள். சிறுவயதில் இந்தப் பொம்மையோடு விளையாடிய மிஷெல் கைன் என்ற விஞ்ஞானி, கலிஃபோர்னியாவில் புதிதாக ஆய்வகம் அமைத்தபோது கருவிகள் இல்லாததால், இதே தாளில் கோடுகளை அச்சிட்டு ரொட்டி சுடும் அவனில் சுருக்கி, தலைமுடி அளவுக்கு நுண்ணிய கால்வாய்களுக்கு அச்சு தயாரித்தார். குழந்தைகள் சமாச்சாரம் என்று யாராவது முகத்தைச் சுளித்தால் இதைச் சொல்லுங்கள்.

என்னென்ன வேண்டும்

தாளில் பல வகை உண்டு. கண்ணாடி மாதிரி தெளிவானது, ஒரு பக்கம் சொரசொரப்பானது, பால் வெள்ளை, கறுப்பு, பிரிண்டரில் போடுவதற்கென்று தனியாகப் பூச்சு கொடுத்தது. முதல்முறை செய்பவர்கள் ஒரு பக்கம் சொரசொரப்பான தாளையே வாங்குங்கள். கலர் பென்சில் நேராகப் பிடிக்கும். தெளிவான தாள்தான் கிடைத்தது என்றால் 400ஆம் நம்பர் உப்புத்தாளால் ஒரு பக்கத்தை முதலில் நெடுக்காக, அப்புறம் குறுக்காக லேசாகத் தேய்த்து, தூசியைக் கழுவித் துடைத்து, நன்றாகக் காயவையுங்கள். தேய்த்தது போதுமா என்று பார்க்க ஓரத்தில் பென்சிலால் கிறுக்கிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் இன்னும் தேய்க்க வேண்டும்.

கோவையில் டவுன்ஹால் பக்கம் கிராஃப்ட் சாமான் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். இல்லையென்றால் ஆன்லைன்தான். பேக்கரி டப்பா மூடியை வெட்டிச் செய்யலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று இருந்தால் அது பாலிஸ்டைரீன், முயன்று பார்க்கலாம். தட்டையான பகுதி மட்டுமே உதவும், அதிலும் சுருக்கம் ஒரு சீராக இருக்காது. 1 என்று இருந்தால் நெளிந்து மங்கிப்போகும். 3 என்று இருந்தால் அது பி.வி.சி. சூடாக்கினால் நச்சுப்புகை வரும், தொடவே வேண்டாம்.

மற்றபடி பெர்மனென்ட் மார்க்கர், கலர் பென்சில், கூரான கத்தரிக்கோல், ஆபீஸில் பேப்பரில் ஓட்டை போடும் பஞ்சிங் மெஷின், பட்டர் பேப்பர், தட்டையான ஒரு மரப்பலகை, கனமான பருத்திக் கையுறை, மில்லிமீட்டர் போட்ட ஸ்கேல். சூடாக்க ஓ.டி.ஜி. அவன் (கேக், ரொட்டி சுடும் சின்ன மின்சார அவன்) இருந்தால் உத்தமம். மைக்ரோவேவ் ஆகாது. முடி உலர்த்தும் டிரையரின் சூடு பத்தாது. இட்லிப் பானை ஆவி 100 டிகிரியோடு நின்றுவிடும், அதுவும் பத்தாது. பழைய கனமான சட்டியில் உப்பு பரப்பி, நடுவில் ஸ்டாண்ட் வைத்து, மூடிபோட்டு, கேக் செய்வது மாதிரி சூடாக்கியும் செய்திருக்கிறேன். வேலை ஆகும், ஆனால் சூடு எவ்வளவு என்று தெரியாமல் குருட்டாம்போக்கில் செய்ய வேண்டியிருக்கும், நாலில் ஒன்று வீணாகும். அந்தச் சட்டியை மறுபடி சமையலுக்கு எடுக்காதீர்கள்.

எங்கள் பக்கம் எல்லாருக்கும் வரும் யோசனை எனக்கும் வந்தது: ஸ்டிக்கர் ஒட்டும் ஹீட் பிரஸ்ஸில் வைத்தால் என்ன? வைத்தேன். மேலே இருந்து அழுத்திப் பிடித்ததால் தாளுக்குச் சுருங்க வழியில்லை. எதுவும் ஆகாத பகுதியும் பாளம் பாளமாக மடிந்த பகுதியுமாக வெளியே வந்தது. சுருங்கும் பொருளுக்குச் சூடு மட்டும் போதாது, ஓட இடமும் வேண்டும்.

முதல் படி: சோதனைத் துண்டு

புதுப் பாக்கெட் பிரித்ததும் ஒரு தாளின் ஓரத்திலிருந்து 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் சதுரம் வெட்டுங்கள். தாளின் நீளவாக்கில் ஓர் அம்புக்குறி போடுங்கள். அதை மறந்தால் சோதனையே வீண். அம்பு போகும் திசையில் ஸ்கேல் வைத்து சென்டிமீட்டர் கோடுகளையும், குறுக்கேயும் அதே கோடுகளையும் மார்க்கரால் வரையுங்கள். மிச்ச இடத்தில் உங்களிடம் இருக்கும் ஒவ்வொரு கலரையும் ஒரு சின்னக் கட்டமாக, பாதி லேசாகவும் பாதி அழுத்தியும் பூசுங்கள். ஒரு மூலையில் பஞ்சிங் மெஷினால் ஓர் ஓட்டை. இப்போது சுட்டு எடுங்கள் (எப்படி என்று கீழே சொல்கிறேன்).

என் கையில் இப்போது இருக்கும் பாக்கெட்டில் 10 சென்டிமீட்டர், அம்புவாக்கில் 4.2 ஆகவும் குறுக்கே 4.5 ஆகவும் வந்தது. பனியன் கணக்கில் சொன்னால் 58 சதவீதமும் 55 சதவீதமும் சுருக்கம். இரண்டு பக்கமும் ஒன்றாக இல்லை என்பதைக் கவனியுங்கள். வட்டம் வரைந்தால் லேசான முட்டையாகத்தான் வரும். பாக்கெட்டுக்குப் பாக்கெட் இது மாறும், அதனால் என் எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் எண்ணைக் கண்டுபிடியுங்கள்.

இனி கணக்கு சுலபம். வேண்டிய அளவை அந்த எண்ணால் வகுத்தால் வரைய வேண்டிய அளவு. 4 சென்டிமீட்டர் நீளத்தில் கீ செயின் வேண்டுமா? 4 வகுத்தல் 0.42, அதாவது 9.5 சென்டிமீட்டருக்கு வரைய வேண்டும். அகலம் 3 சென்டிமீட்டர் என்றால் 3 வகுத்தல் 0.45, கிட்டத்தட்ட 6.7. பரப்பளவில் பார்த்தால் 0.42ஐ 0.45ஆல் பெருக்க 0.19 வருகிறது. பழைய பரப்பில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. தடிமன் அதே அளவுக்கு ஏறும்: 0.3 மில்லிமீட்டர் தாள் சுமார் 1.6 மில்லிமீட்டர் ஆகிவிடும்.

அந்த ஐந்தில் ஒரு பங்குதான் வண்ணத்துக்கும் விதி. நீங்கள் பூசிய சாயம் அத்தனையும் ஐந்து மடங்கு நெருக்கமாக வந்து உட்காரும். எலுமிச்சை மஞ்சள் ஈரோட்டு மஞ்சள் ஆகும், மஞ்சள் செம்மஞ்சள் ஆகும், அடர் நீலம் கறுப்பே ஆகிவிடும். சாயப்பட்டறையில் மொத்தத் துணியையும் முக்குவதற்கு முன் லேப் டிப் போட்டு, அதாவது சின்னத் துண்டில் சாயம் ஏற்றி, ஷேட் பார்ப்பது எதற்கோ, அதற்குத்தான் சோதனைத் துண்டில் கலர் கட்டங்கள். எனக்கு அந்தச் சின்னச் சதுரம்தான் ஷேட் கார்டு. ஓட்டையில் நூல் கோர்த்துத் தாள் பாக்கெட்டோடு கட்டி வைத்திருக்கிறேன்.

வரைவது, வெட்டுவது

தாளின் மேல் நேரடியாகப் பென்சில் பிடித்து யோசித்து யோசித்து வரையாதீர்கள். அழித்த தடமும் சுருங்கி அழுக்காகத் தெரியும். வெள்ளைக் காகிதத்தில் சரியான அளவில் வரைந்துகொண்டு, அதன்மேல் தாளை வைத்து, மார்க்கரால் கோட்டை மட்டும் பிடியுங்கள். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் கலர் பிடிக்காது, கைக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதம் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்து எழுதுவதாக இருந்தால் கொஞ்சம் நிதானம் வேண்டும். 1 மில்லிமீட்டர் கோடு 0.4 ஆகிவிடும், அழகாகத்தான் இருக்கும். ஆனால் ண, ஞ, ணை போன்ற எழுத்துகளின் சுழிக்குள் இருக்கும் வெள்ளை இடமும் அதே மாதிரி சுருங்கி அடைத்துக்கொள்ளும். தாளில் எழுதும்போது எழுத்தின் உயரம் 12 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும், சுழிகளைக் கொஞ்சம் தாராளமாகப் போடுங்கள். தெளிவான தாளில் சொரசொரப்புப் பக்கம் எழுதிப் பளபளப்புப் பக்கத்திலிருந்து பார்க்கப்போகிறீர்கள் என்றால், எழுத்தைக் கண்ணாடியில் தெரிவது மாதிரி திருப்பி எழுத வேண்டும். பெயர்ப் பட்டை ஒன்றை இப்படி மாற்றி எழுதிவிட்டு, பின்பக்கம்தான் முன்பக்கம் என்று வீட்டில் சாதித்திருக்கிறேன்.

பிரிண்டரில் அச்சிட இங்க்ஜெட்டும் அதற்கான தாளும் வேண்டும். படத்தின் நிறத்தைப் பாதிக்கு வெளுத்துவிட்டு அச்சிடுங்கள். லேசர் பிரிண்டருக்குள் விடாதீர்கள். உள்ளே இருக்கும் சூடான உருளையிலேயே தாள் சுருங்கிச் சிக்கிக்கொள்ளும். அந்த விஞ்ஞானி லேசரில்தான் அச்சிட்டார், ஆனால் நம் வீட்டுப் பிரிண்டரைப் பழுது பார்க்க நாம்தானே காசு கொடுக்க வேண்டும்.

வெட்டும்போது கத்தரிக்கோலைத் திருப்பாமல் தாளைத் திருப்புங்கள். இந்தத் தாள் உள்நோக்கிய கூர் மூலையில் 'பட்' என்று விரிசல் விடும், அது ஓடி நடுப்படம் வரை போகும். உள்மூலை எதுவானாலும் சின்ன வளைவாகவே வெட்டுங்கள். வெளி மூலைகளையும் உருட்டிவிடுங்கள். சுருங்கிக் கெட்டியான பிறகு கூர் மூலை குத்தும், குழந்தையின் பையில் தொங்கும் பொருளாக இருந்தால் இன்னும் கவனம். ஓட்டையை இப்போதே போட்டாக வேண்டும், சுட்ட பிறகு டிரில் பிட் இல்லாமல் நடக்காது. 6 மில்லிமீட்டர் ஓட்டை இரண்டரை மில்லிமீட்டர் சொச்சம் ஆகும், வளையம் நுழைய அதுவே சரி. ஓட்டைக்கும் ஓரத்துக்கும் இடையில் 5, 6 மில்லிமீட்டர் விடுங்கள்.

சூடாக்குவது

அவனை 160 டிகிரி செல்சியஸுக்கு முன்கூட்டியே சூடாக்குங்கள். காற்றடிக்கும் ஃபேன் வசதி இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள், எடை இல்லாத துண்டு பறந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். உள்ளே வேறு சாப்பாடு எதுவும் இருக்கக்கூடாது, இதற்கென்று தனித் தட்டு வைத்துக்கொள்வது நல்லது. தட்டின்மேல் பட்டர் பேப்பர் விரித்து, வண்ணம் போட்ட பக்கம் மேலே பார்க்கும்படி துண்டுகளை இடைவெளி விட்டு வையுங்கள். முதல் முறை ஒரே ஒரு துண்டு போதும்.

இனி அவன் முன்னால் உட்கார்ந்து பாருங்கள், போனை எடுக்காதீர்கள். முதல் அரை நிமிடம் எதுவும் நடக்காது. பிறகு ஓரம் ஒன்று தலை தூக்கும். அப்புறம் எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி உடம்பை முறுக்கி, இப்படியும் அப்படியும் புரண்டு, சில சமயம் தன்மேலேயே கவிழ்ந்துவிடும். 'போச்சு' என்று கதவைத் திறக்கத் தோன்றும். திறக்காதீர்கள். பெரும்பாலும் அதுவாகவே மெல்லப் பிரிந்து, படிந்து, தட்டையாகிவிடும். முழுக்கப் படிந்தபின் இன்னும் 15, 20 விநாடி விடுங்கள், கடைசிச் சுருக்கம் அப்போதுதான் முடியும். எல்லாம் சேர்த்து ஒன்றிலிருந்து மூன்று நிமிடம்.

உண்மையிலேயே ஒட்டிக்கொண்டால்? மூங்கில் குச்சியால் மெதுவாகப் பிரித்துவிட்டு மறுபடி உள்ளே வையுங்கள். படம் படத்தோடு ஒட்டியிருந்தால் கலர் கொஞ்சம் பெயரும், அதற்கு வழியில்லை. நீளமான மெல்லிய பட்டைகள்தான் இந்த வம்பை அதிகம் செய்யும்.

வெளியே எடுத்ததும் உங்களிடம் இருக்கும் நேரம் பத்து விநாடிதான். பட்டர் பேப்பரோடு தூக்கி மரப்பலகையில் வைத்து, மேலே இன்னொரு பட்டர் பேப்பர் போட்டு, தட்டையான புத்தகத்தாலோ இன்னொரு பலகையாலோ 20 விநாடி அழுத்துங்கள். சமையல்மேடைக் கல்லில் நேராக வைத்தால் அடிப்பக்கம் சட்டென்று குளிர்ந்து, படியும் முன்னாலேயே இறுகிவிடும். கோணலாகப் போனால் பதற வேண்டாம், மறுபடி அவனில் வைத்தால் இளகும், மறுபடி அழுத்தலாம்.

சூடான காற்றை ஊதும் ஹீட் கன் வைத்திருப்பவர்கள் துண்டைக் குச்சியால் பிடித்துக்கொண்டு, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, சுற்றிச் சுற்றிக் காட்ட வேண்டும். ஒரே இடத்தில் காட்டினால் அந்த இடம் மட்டும் சுருங்கிப் படம் வாய் கோணிவிடும். சூட்டு வேலை எதுவானாலும் பெரியவர்கள் கையில் இருக்கட்டும்.

காங்கேயம் காளை கீ செயின்

அக்கா மகள் லீவுக்கு வந்தபோது முதலில் செய்தது இது. 5 சென்டிமீட்டர் நீளம், மூன்றரை உயரத்தில் வேண்டும் என்றாள். என் தாளின் கணக்கில் 12 சென்டிமீட்டருக்கு 7.8. அம்புவாக்கில் காளையின் நீளம் வரும்படி வரைந்தோம். உடம்பு முழுக்கச் சாம்பல் கலரை ஆசை ஆசையாக அழுத்திப் பூசினாள். நான் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. அவனிலிருந்து வெளியே எடுத்ததும் முகம் வாடிவிட்டது.

"ஏஞ்சித்தி, என்ர காளை எருமையாட்டம் ஆயிப்போச்சு?"

திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மா வாங்கிப் பார்த்தார். "காங்கேயங் கன்னு பொறக்கையில செவலையா இருக்கும் கண்ணு, வளர வளரத்தான் வெளுக்கும். உன்ர சித்தி மாடு தலைகீழாட்ட இருக்குது."

இரண்டாவது முறை உடம்பைப் பூசவே இல்லை. பால் வெள்ளைத் தாளின் நிறமே உடம்பு. தலை, கழுத்து, திமில், தொடைப் பக்கம் மட்டும் சாம்பல் பென்சிலைச் சாய்த்துப் பிடித்து, காகிதத்தில் பூசினால் தெரியுமா தெரியாதா என்கிற அளவுக்குத் தேய்த்தோம். சுருங்கியதும் காங்கேயம் காளைக்கே உரிய அந்தக் கருக்கல் திமிலில் வந்து உட்கார்ந்துவிட்டது. பூசும்போது பத்தாது என்று தோன்றினால் அதுதான் சரியான அளவு.

கொம்புதான் சிக்கல். காங்கேயம் கொம்பு நீளமாக வெளியே வளைந்து நுனிகள் கிட்டக் கிட்ட வரும். அதைக் கோட்டை ஒட்டி வெட்டினால் சூட்டில் முதலில் சுருள்வது கொம்புதான், சுருண்டு முதுகில் ஒட்டும், இல்லையென்றால் நாலாம் நாள் பாக்கெட்டில் ஒடியும். இரண்டு கொம்புக்கும் நடுவில் இருக்கும் இடத்தை வெட்டாமல் விட்டுவிடுங்கள். ஓட்டையையும் அங்கேயே போட்டுவிட்டால் பலம். வால் உடம்போடு ஒட்டியே இருக்கட்டும், கால் இரண்டிரண்டாகச் சேர்ந்தே நிற்கட்டும்.

ஜமுக்காளத் தோடு

பவானி ஜமுக்காளத்தின் பட்டைக் கோடுகள் இந்த வேலைக்கென்றே அமைந்த மாதிரி இருக்கும். தோடு 3 சென்டிமீட்டருக்கு ஒன்றரை வேண்டுமென்றால் 7.1க்கு 3.3 அளவில் இரண்டு துண்டு. சிவப்பு, பச்சை, நீலம், ஆரஞ்சு, நடுவில் மெல்லிய கறுப்பு என்று 5 மில்லிமீட்டர் பட்டைகளாகப் போட்டால் சுட்டபின் 2 மில்லிமீட்டர் பட்டையாக, நெய்த மாதிரியே தெரியும். பட்டைகளுக்குள் பென்சிலால் குறுக்கே சன்னமான கீறல்கள் இழுத்துவிட்டால் நூல் ஓட்டம் போலவே இருக்கும்.

ஒரு ஜோடி செய்யும்போது ஒரு விஷயத்தை மறக்கவே கூடாது. இரண்டு துண்டும் தாளில் ஒரே திசையில் இருக்க வேண்டும். கட்டிங் டேபிளில் பேட்டர்ன் மேல் அம்புக்குறி இருக்கிறதல்லவா, முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே வாக்கில் வெட்ட? அதே அம்பு இங்கேயும் வேண்டும். தாள் மிச்சம் பிடிக்கலாம் என்று ஒன்றை நெடுக்காகவும் மற்றதைக் குறுக்காகவும் வெட்டினால், ஒரு காதில் ஒன்று நீண்டு மெலிந்தும் மற்றது குட்டையாகக் குண்டாகவும் தொங்கும். அளவில் வித்தியாசம் ஓரிரு மில்லிமீட்டர்தான், ஆனால் காதுகளுக்கு நடுவில் ஒரு முகம் இருப்பதால் யார் கண்ணுக்கும் தப்பாது. இரண்டையும் ஒன்றாக ஒரே தட்டில் சுடுங்கள்.

மேல்பூச்சு

மார்க்கரும் பென்சிலும் உரசினால் போய்விடும், அதனால் வண்ணப் பக்கத்தை மூட வேண்டும். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வார்னிஷை மெல்லிய பிரஷ்ஷால் இரண்டு முறை பூசுவது எனக்குப் பிடித்த வழி. நகப்பாலிஷ் பூசச் சொல்வார்கள். அதில் இருக்கும் கரைப்பான் மார்க்கர் மையைக் கலைக்கும், பாலிஸ்டைரீனையே இளக்கும், வேண்டாம். ஸ்பிரே வார்னிஷாக இருந்தால் தூரத்திலிருந்து லேசாக, பலமுறை. எதுவானாலும் உடைந்த துண்டில் முதலில் பூசிப் பாருங்கள். கண்ணாடித் துளி மாதிரி மேடாகப் பளபளக்க யு.வி. ரெசின் (புற ஊதா ஒளி பட்டால் இறுகும் திரவம்) இருக்கிறது, அதற்கு விளக்கு விற்கிறார்கள், சித்திரை வெயிலிலும் இறுகும். இறுகும்வரை கையில் படக்கூடாது, சிலருக்குத் தோலில் அரிப்பு எடுக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

ஆவாரம்பூத் தோடு

மார்கழிக் கடைசியில் காப்புக் கட்டுவதற்கு வேப்பிலை, பூளைப்பூவோடு ஆவாரம்பூவும் தேடிக் காட்டுப்பக்கம் போவோம். அந்தப் பூவைத்தான் கடைசியாகச் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன், ஏனென்றால் இது தட்டையாக இருக்காது. கை கொஞ்சம் பழகியபின் செய்யுங்கள்.

2 சென்டிமீட்டர் பூவுக்கு நெடுக்கில் 4.8, குறுக்கில் 4.4 அளவில் ஐந்து இதழ் வரையுங்கள். இதழ் எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டாம், ஓரமும் கொஞ்சம் சுருக்கம் சுருக்கமாக இருக்கட்டும், பூவே அப்படித்தான் இருக்கும். இதழ்களுக்கு நடுவே வெட்டும் பிளவு அடியில் வளைவாக முடியட்டும். எலுமிச்சை மஞ்சளை மெல்லப் பூசி, ஒவ்வொரு இதழின் நடுவிலிருந்தும் வெளியே இரண்டு மூன்று பழுப்புக் கீறல். நடுவில் கேசரத்துக்கு வளைந்த சில கோடுகள். ஓட்டை வேண்டாம்.

அவன் பக்கத்திலேயே ஒரு சின்ன மரக்கரண்டியைக் குழிப்பக்கம் மேலே இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். பூ சுருங்கித் தட்டையானதும், பலகையில் அழுத்தாமல் நேராகக் கரண்டிக் குழிக்குள் போட்டு, பருத்திக் கையுறை போட்ட விரலால், இல்லையென்றால் பஞ்சு சுற்றிய பென்சில் முனையால், நடுவை மட்டும் அமுக்குங்கள். இதழ்கள் தாமாக மேலே எழும்பும். பத்து விநாடி அசையாமல் பிடியுங்கள். அவசரப்பட்டு விட்டால் இதழ் படுத்துவிடும். ஒன்று சரியாக வந்து மற்றது வராவிட்டால் வராததை மட்டும் மறுபடி சூடாக்குங்கள், தட்டையாகத் திரும்பி வரும், இன்னொரு முறை அமுக்கலாம். மூன்று நான்கு முறைக்கு மேல் போனால் கலர் மங்க ஆரம்பிக்கும்.

வார்னிஷ் காய்ந்ததும் பின்பக்க நடுவை உப்புத்தாளால் கொஞ்சம் சொரசொரப்பாக்கி, தோட்டுத் தண்டை எபாக்ஸிப் பசையால் ஒட்டுங்கள். இரண்டு டியூபைக் கலந்து ஒட்டும் அந்த வகைதான் நிற்கும். ஃபெவிகுவிக் மாதிரியானவை சீக்கிரம் பிடிக்கும், ஆனால் சுற்றிலும் வெள்ளைப் படலம் விட்டு மஞ்சளை மங்கடித்துவிடும். ஒட்டியபின் ஒரு முழு நாள் தொடாமல் வையுங்கள். அக்கா மகள் சாயந்திரம் ஒட்டியதை மறுநாள் விடியலிலேயே காதில் மாட்டிக்கொண்டு தாராபுரம் பஸ் ஏறினாள். ஒற்றைப் பூ எந்த சீட்டுக்கடியில் விழுந்ததோ, அதற்கு ஜோடி செய்ய மறுபடி அந்தத் தாளில் அம்புக்குறி போட்டுக்கொண்டிருக்கிறேன்.